ஊன்றுகோல் நடை பழக ஒரு டிஜிட்டல் உதவியாளர்: ஒரு நோயாளி, 12 வாரம்

ஊன்றுகோல் நடையைச் சொல்லிக்கொடுக்க இயன்முறை மருத்துவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் டிஸ்சார்ஜ் நாள் காலையின் அரை மணி நேரம். அறுவை சிகிச்சையின் வலி அடங்கியிருக்காது. மாத்திரையின் அசதி கண்ணில் தெரியும். கையில் ஒரு கட்டு காகிதம், வாசலில் காத்திருக்கும் வண்டி. அந்த அரை மணியில் எழுவது, உட்காருவது, நடப்பது, திரும்புவது, படி ஏறுவது, படி இறங்குவது என்று ஆறு வேலைகளைக் காட்டிவிட்டு, "புரிஞ்சுதாங்க?" என்று கேட்போம். எல்லாரும் தலையாட்டுவார்கள். மருத்துவர்கள் சொல்வதில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிகள் உடனேயே மறந்துவிடுகிறார்கள் என்று 2003-இல் கெசல்ஸ் என்ற ஆய்வாளர் தம் ஆய்வுத் தொகுப்புரையில் எழுதினார். ஊன்றுகோல் வகுப்பு எடுத்தவர்கள் யாரும் அந்த எண்ணைப் பார்த்து வியக்கமாட்டார்கள்.

அந்த அரை மணிக்கும் அடுத்த வருகைக்கும் நடுவில் உள்ள நாட்களுக்காகத்தான் கைப்பேசியில் இயங்கும் ஒரு டிஜிட்டல் உதவியாளரைப் பயன்படுத்திப் பார்த்தோம். இது ஒரே ஒரு நோயாளியின் கதை. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

48 வயதுப் பெண், பள்ளி ஆசிரியை. படியில் கால் பிசகி விழுந்ததில் வலது கணுக்காலின் உள்பக்க முனையும் வெளிப்பக்க முனையும் முறிந்துவிட்டன. பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். அறுவை மருத்துவரின் உத்தரவு தெளிவானது: 6 வாரம் வலது கால் தரையில் எடை தாங்கவே கூடாது. அதன் பிறகு எக்ஸ்ரே பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றலாம்.

எடை 68 கிலோ. சர்க்கரை, இதயக் கோளாறு எதுவும் இல்லை. தோளிலும் கையிலும் நல்ல பலம். இடது காலில் ஒற்றைக்காலாகப் பத்து விநாடி நிற்க முடிந்தது. நினைவாற்றலில் குறையில்லை. இவை எல்லாம் இருந்ததால்தான் வாக்கர் கொடுக்காமல் அக்குள் ஊன்றுகோலே கொடுத்தோம். வீடு முதல் மாடியில். 14 படிகள், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. கல்லூரியில் படிக்கும் மகன் மாலையில்தான் வீட்டுக்கு வருவார். பகல் முழுக்க நோயாளி தனியாக இருக்க வேண்டும். அந்தப் பகல்தான் எங்கள் கவலை.

ஊன்றுகோலின் அளவை வழக்கப்படி சரி செய்தோம். நேராக நிற்கும்போது, முனைகள் பாதத்துக்கு 15 செ.மீ. முன்னாலும் 15 செ.மீ. வெளிப்பக்கமும் இருக்கும்படி வைத்து, மேல்பட்டைக்கும் அக்குளுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி விட்டோம். கைப்பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக வர வேண்டும். அப்படிப் பிடித்தால் முழங்கை 20 முதல் 30 பாகை வரை மடங்கி நிற்கும். உடம்பின் பாரத்தை உள்ளங்கைதான் தாங்க வேண்டும், அக்குளில் தொங்கவே கூடாது என்று அன்று நான் மூன்று முறை சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

உதவியாளர் செய்ய வேண்டியிருந்த நான்கு வேலைகள்

முதலாவது, ஒவ்வொரு வேலையையும் படிப்படியாகக் குரலிலும் படத்திலும் சொல்வது. இரண்டாவது, காலையிலும் மாலையிலும் நினைவூட்டிச் சில கேள்விகள் கேட்பது. மூன்றாவது, கைப்பேசியை ஓரிடத்தில் நிறுத்தி வைத்து, அவர் நடப்பதைக் கேமரா வழியாகப் பார்த்துத் தவறைச் சுட்டுவது. நான்காவது, அவர் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது.

இவற்றில் எது அதிகம் உதவும் என்று தொடக்கத்தில் என்னைக் கேட்டிருந்தால், யோசிக்காமல் மூன்றாவதைச் சொல்லியிருப்பேன். உண்மையில் உதவியது இரண்டாவது. மற்ற மூன்றையும் நடுவழியில் திருத்த வேண்டியிருந்தது, சிலவற்றை நிறுத்தவே வேண்டியிருந்தது.

"பாதிக்கப்பட்ட கால்னா எது?"

முதல் சிக்கல் மொழியில் வந்தது. உதவியாளரில் ஏற்கெனவே இருந்த பாடம் இப்படித் தொடங்கியது: "ஊன்றுகோல்களை முன்னோக்கி நகர்த்தவும். பின்னர் பாதிக்கப்பட்ட காலை முன்னோக்கிக் கொண்டுவரவும்." வார்டில் படுக்கையோரம் உட்கார்ந்து இதைக் கேட்டவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பாதிக்கப்பட்ட கால்னா எது டாக்டர்? இப்ப ரெண்டு காலுமே வலிக்குதே."

அவர் சொன்னது சரிதான். இரண்டு நாளாக முழு உடம்பையும் ஒற்றைக்காலில் தாங்கி, இடது முழங்காலும் நோக ஆரம்பித்திருந்தது. எழுத்தில் குழப்பமே இல்லாத ஒரு சொல், உடம்பு களைத்திருக்கும்போது காதில் விழுந்தால் குழப்புகிறது. "வலது", "இடது" என்று மாற்றிப் பார்த்தோம். நேரெதிரில் நின்று செய்து காட்டும் படத்தோடு சேர்த்துக் கேட்டபோது அதுவும் குழப்பியது, ஏனென்றால் படத்தில் இருப்பவரின் வலது பக்கம் பார்ப்பவருக்கு இடது பக்கம். கடைசியில் "கட்டுப் போட்ட கால்", "நல்ல கால்" என்று வைத்துக்கொண்டோம். படத்தையும் பின்னாலிருந்து எடுத்ததாக மாற்றினோம்.

பாடத்தை நாங்களே பேச்சுவழக்கில் திருப்பி எழுதினோம். "கட்டை ரெண்டையும் ஒரு சாண் முன்னாடி வைங்க. கட்டுப் போட்ட கால் கட்டையோடயே முன்னாடி வரட்டும், தரையில படக்கூடாது. உள்ளங்கையால கைப்பிடியை அழுத்துங்க. இப்ப நல்ல காலை எடுத்துக் கட்டைக்கு நடுவுல வைங்க." ஒவ்வொரு வாக்கியமும் ஒரே ஓர் அசைவு. "நகர்த்தவும்", "உறுதிசெய்யவும்" என்ற அறிவிப்புப் பலகை வினைச்சொற்களை எல்லாம் எடுத்துவிட்டோம். படிக்கு மட்டும் ஒரு வரி சேர்த்தோம்: "ஏற நல்ல கால், இறங்க நொந்த கால்." ஏறும்போது நல்ல கால்தான் முதலில் மேல்படிக்குப் போக வேண்டும், உடம்பைத் தூக்குவது அதன் பலம். இறங்கும்போது கட்டைகளும் நொந்த காலும் முதலில் கீழே போகும், நல்ல கால் மேல்படியில் நின்று உடம்பை மெல்ல இறக்கும். அவர் தமிழாசிரியை என்பதால் அந்த வரியின் எதுகை சரியில்லை என்றார். ஆனால் மறக்கவில்லை.

இதற்கு நான் செலவிட்ட நேரம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். இன்னொரு இயன்முறை மருத்துவப் பிரிவில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் முதல் வேண்டுகோளும் இதுதான்: தொழில்நுட்பத்தைத் தொடுவதற்கு முன், பாட வரிகளை வலியில் இருக்கும் ஒருவர் காதில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

நடக்கும்போது பேசிய குரல்

வீடு திரும்பிய மூன்றாம் நாள். காதில் கம்பியில்லாக் கருவியை மாட்டிக்கொண்டு, குரல் சொல்லச் சொல்ல அறையிலிருந்து கூடத்துக்கு நடந்திருக்கிறார். நிலைப்படியைத் தாண்டும் இடத்தில் குரல் ஒரு கணம் பிந்தி வந்தது. "இப்ப நல்ல காலை எடுங்க" என்பது காதில் விழுந்தபோது, அவர் ஏற்கெனவே அந்த அடியை முடித்து, அடுத்த அடிக்காகக் கட்டைகளைத் தூக்கியிருந்தார். குரல் சொன்னதும் காலையும் எடுத்துவிட்டார். கட்டையும் தரையில் இல்லை, காலும் தரையில் இல்லை. அன்று மகன் வீட்டில் இருந்ததால் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துவிட்டார். விழவில்லை.

கருவியின் தாமதம் ஒரு காரணம். ஆனால் தாமதமே இல்லாத குரலும் அந்த இடத்தில் இருந்திருக்கக் கூடாது என்றுதான் இப்போது நினைக்கிறேன். 1997-இல் லுண்டின்-ஓல்சன் குழுவினர் வெளியிட்ட சிறு ஆய்வு எங்கள் துறையில் பலரும் அறிந்தது: முதியவர்களோடு நடந்தபடியே பேச்சுக் கொடுத்தபோது, பதில் சொல்ல நின்றுவிட்டவர்கள் பின்னாளில் அதிகம் விழுந்தார்கள். நடையும் பேச்சும் ஒரே கவனத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. புதிதாக ஊன்றுகோல் பிடிப்பவருக்கு வயது எதுவானாலும் நடை தானாக வருவதில்லை. ஒவ்வோர் அடியும் யோசித்து வைக்கும் அடி. அந்த யோசனைக்கு நடுவில் ஒரு குரலை நுழைத்துவிட்டு, அதற்கு உதவி என்று பெயர் வைத்திருந்தோம்.

அன்றே விதியை மாற்றினோம். உட்கார்ந்திருக்கும்போதும், சுவரிலோ மேசையிலோ சாய்ந்து நிற்கும்போதும் மட்டும்தான் உதவியாளர் பேசலாம். நடப்பதற்கு முன் ஒருமுறை, நடந்து முடித்து உட்கார்ந்த பின் ஒருமுறை. நடுவில் மௌனம். காதில் எதுவும் மாட்டக் கூடாது. இயந்திரம் இதைத் தானாகப் பின்பற்ற வழியில்லை, நிற்பவரையும் நடப்பவரையும் அது நம்பும்படி பிரித்தறியவில்லை. அதனால் நோயாளியே "உட்கார்ந்துட்டேன்" என்று சொன்னால்தான் அடுத்த வரி வரும் என்று அமைத்தோம்.

குரல் இல்லாத இடத்தில்

பத்தாம் நாள் பிரிவுக்கு வந்தார். கைப்பேசி மகனின் பையில். "நடந்து காட்டுங்கம்மா" என்றேன். எழுந்து நின்றார், கட்டையைப் பிடித்தார், என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். சில விநாடி கழித்துத்தான் எனக்குப் புரிந்தது: அவர் உத்தரவுக்காகக் காத்திருக்கிறார்.

எட்டு நாளில் ஒவ்வொரு முறையும் எழுவதற்கு முன் முழு வரிசையையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். நாங்கள் அதைத்தான் செய்யச் சொல்லியிருந்தோம். அசைவைக் கற்பதைப் பற்றி 1984-இல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் எழுதியதை மாணவப் பருவத்தில் படித்திருக்கிறேன்: ஒவ்வொரு முயற்சிக்கும் வெளியிலிருந்து வழிகாட்டினால் பயிற்சியின்போது திறமை உயர்ந்தாற்போல் தெரியும், வழிகாட்டுதலை எடுத்ததும் சரியும். நாம் கையால் தாங்கிப் பழக்கும்போது நமக்கே கை அலுத்துவிடும், அடுத்த நோயாளி காத்திருப்பார், அதனால் நம் உதவி இயல்பாகவே குறைந்துகொண்டு வரும். குரல் அலுப்பதில்லை. நூறாவது முறையும் முதல் முறை போலவே முழுதாகச் சொல்லும். அந்தப் பொறுமையைத்தான் நான் அதன் பெரிய நன்மை என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து உதவியாளர் சொல்வதைக் குறைத்து, கேட்பதைக் கூட்டினோம். முதல் இரண்டு நாள், "எழுறதுக்கு முன்னாடி கட்டையை எங்க வைப்பீங்க?" என்று கேட்டு, அவர் பதில் சொன்ன பிறகுதான் சரியா தவறா என்று சொல்லும். சரியாகச் சொன்னால் முழுப் பாடமும் வராது. அடுத்த சில நாட்களில் நடந்து முடித்த பிறகு மட்டும், "எந்த இடத்துல தடுமாறுச்சு?" என்ற ஒரே கேள்வி. சொன்னதை நோயாளியே தம் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்பது நாம் நேரில் செய்கிற பழைய முறைதான். நேரம் இருந்தால் செய்வோம், நேரம் இருப்பதில்லை. இயந்திரத்துக்கு அந்த நேரம் இருந்தது.

மூன்றாம் வார வருகையில், நான் சொல்லும் முன்பே நாற்காலியை நோக்கிப் போய், திரும்பி, நல்ல காலின் பின்புறம் இருக்கையைத் தொட்டதும், கட்டைகள் இரண்டையும் ஒரு கைக்கு மாற்றி, மறு கையால் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"கொஞ்சம் ஊனலாமா?"

பதினாறாம் நாள் இரவு, தூக்கம் வராமல், அவர் உதவியாளரிடம் கேட்டிருக்கிறார்: "வலி குறைஞ்சிடுச்சு. கொஞ்சம் ஊனலாமா?" பாடத்தில் இல்லாத கேள்விகளுக்கு அது தானாகப் பதில் உருவாக்கும் வசதியைத் திறந்து வைத்திருந்தோம். பதில் வந்தது: வலி பொறுக்கும் அளவுக்கு மெல்ல எடை வைத்துப் பழகலாம், வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

கணுக்கால் முறிவைப் பற்றிப் பொதுவாக எழுதும் ஒருவர் இப்படி எழுதக்கூடும். சில முறிவுகளுக்கு, சில அறுவை முறைகளுக்கு, அது சரியும்கூட. இவருக்கு அது தவறு. இவருக்கு இருந்தது அறுவை மருத்துவரின் தனி உத்தரவு. அந்த உத்தரவு காகிதத்தில் இருந்தது, இயந்திரத்தில் இல்லை. மறுநாள் காலையில் சமையலறை மேடையைப் பிடித்தபடி இரண்டு முறை ஊன்றிப் பார்த்துவிட்டு, மனம் ஒப்பாமல் எனக்கு அழைத்தார். அறுவை மருத்துவரிடம் உடனே சொன்னோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். பிளேட்டும் எலும்பும் நகரவில்லை.

அந்த நாளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மென்மையான குரலில், தயக்கமில்லாமல், நடு இரவில் வரும் பதில் நோயாளிக்கு நம் பதிலைப் போலவேதான் கேட்கும். யார் உத்தரவு, யார் பொதுவாகச் சொன்னது என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. தானாகப் பதில் உருவாக்கும் வசதியை அன்றே மூடினோம். எடை தாங்குவது பற்றி எந்த வடிவில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "உங்க டாக்டர் சொன்னது, இந்தத் தேதி வரைக்கும் கட்டுப் போட்ட கால் தரையில படக்கூடாது. சந்தேகம்னா இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்க." தேதியை ஒவ்வொரு நோயாளிக்கும் இயன்முறை மருத்துவரே கையால் பதிய வேண்டும். உத்தரவு மாறினால் பதிவையும் மாற்றிய பிறகுதான் நோயாளியை அனுப்ப வேண்டும்.

மாலை ஏழு மணிக் கேள்வி

ஒவ்வொரு நாளும் மாலை 7 மணிக்கு உதவியாளர் நான்கு கேள்விகள் கேட்கும். கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ உண்டா, மூச்சு வாங்குகிறதா அல்லது நெஞ்சு வலிக்கிறதா, காயத்தில் ஈரமோ நாற்றமோ உண்டா, கையில் மரத்துப்போனது போலவோ குறுகுறுப்பாகவோ இருக்கிறதா. முதல் இரண்டில் ஒன்றுக்கு "ஆமா" என்றாலும் உரையாடல் அதோடு நின்று, உடனே மருத்துவமனைக்கு அழைக்கச் சொல்லும். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதும் அது நுரையீரலுக்குப் போவதும் பேசிக்கொண்டிருக்கும் விஷயங்கள் இல்லை.

இருபத்து மூன்றாம் நாள், நான்காவது கேள்விக்கு அவர் சொன்னார்: "வலது கைல, கட்டைவிரலுக்குப் பின்னாடி கொஞ்சம் மதமதன்னு இருக்கு. தூங்கினது சரியில்லைனு நினைக்கிறேன்."

அந்தப் பதில் எனக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழேகால். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், புறங்கையில் உணர்வு மங்கினால், அது ரேடியல் நரம்பின் இடம். அந்த நரம்பு அக்குளைக் கடந்து மேற்கை எலும்பின் பின்புறமாகச் சுற்றி இறங்குகிறது. ஊன்றுகோலின் மேல்பட்டை அக்குளை அழுத்தினால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அதுதான். கவனிக்காமல் விட்டால் மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் வலுவிழந்து கை தொங்கிப்போகும். அழுத்தத்தை நீக்கினால் பெரும்பாலோருக்குத் திரும்பிவிடும், ஆனால் வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஒரு காலை இழந்து நிற்பவர் கையையும் இழந்தால் என்ன செய்வார்?

மறுநாள் காலையில் வரச் சொன்னேன். மணிக்கட்டையும் கட்டைவிரலையும் தூக்கும் பலம் முழுதாக இருந்தது. உணர்வு மட்டும் மங்கல். ஊன்றுகோலை அளந்து பார்த்தேன். வலப்பக்கக் கட்டை நான் வைத்ததைவிட ஒரு துளை உயரமாக இருந்தது. ஒரு துளை என்றால் ஏறக்குறைய 2.5 செ.மீ. "குனிஞ்சு நடக்கிற மாதிரி இருந்துச்சு, அதான் பையன் ஏத்திவிட்டான்" என்றார். இரண்டு விரல் இடைவெளி போய், மேல்பட்டை அக்குளில் முட்டி நின்றது. களைப்பில் அதன் மேல் சாய்வது அவருக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. எடை ஊன்றாமல் கட்டையில் நடப்பதற்கு இயல்பான நடையைவிட மிகவும் கூடுதலான உழைப்பு வேண்டும். மாலை நேரங்களில் அக்குளில் தொங்குவது சோம்பலால் வருவதில்லை, கை ஓய்ந்துபோவதால் வருவது.

கேமரா இதை ஏன் பார்க்கவில்லை? அதற்கு முந்தைய பதினைந்து நாட்களில் அவர் ஏழெட்டு முறை கேமரா முன் நடந்திருந்தார். ஒவ்வொரு முறையும் "நன்றாக நடக்கிறீர்கள்" என்ற பதிலே வந்தது. இத்தகைய செயலிகள் உடம்பில் சில புள்ளிகளைக் கண்டுபிடித்து, அவற்றை இணைத்து ஓர் எலும்புக்கூடு போல வரைந்து, கோணங்களை அளக்கின்றன. பரவலாகப் பயன்படும் ஒரு மாதிரியில் இப்படி 33 புள்ளிகள். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் உண்டு. ஊன்றுகோலின் முனைக்கு ஒரு புள்ளியும் இல்லை. அக்குளுக்கும் பட்டைக்கும் நடுவிலுள்ள இரண்டு விரல் இடைவெளி சேலை மறைப்பிலோ சட்டைக் கையிலோ எந்தக் கேமராவுக்கும் தெரியாது. பாரம் உள்ளங்கையில் இறங்குகிறதா அக்குளில் இறங்குகிறதா என்பது படத்தில் தெரிகிற விஷயமே இல்லை. நான் நேரில் பார்க்கும்போதுகூட விரலை நுழைத்துத்தான் அறிகிறேன்.

ஆக, மூன்று முறை சொன்ன அறிவுரை தடுக்கவில்லை, பார்த்த கேமரா பிடிக்கவில்லை, தினமும் ஒரே மாதிரி கேட்ட ஓர் எளிய கேள்வி பிடித்தது. அந்தக் கேள்வி இல்லாதிருந்தால் அவர் அதைப் படுத்த கோளாறு என்றே விட்டிருப்பார், அடுத்த வருகைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

உயரத்தைச் சரி செய்து, அந்தத் துளையில் நிறநாடா சுற்றினோம். கட்டையை ஏற்றினால் நாடா இடம் மாறியது தெரியும். முழங்கை ஊன்றுகோலுக்கு மாற்றலாமா என்றும் யோசித்தோம். அதில் அக்குளுக்கு வேலையே இல்லை, ஆனால் படிக்கு இன்னும் பழக வேண்டும் என்பதால் அவரே தயங்கினார். மாலைக் கேள்விகளில் இரண்டைச் சேர்த்தோம்: "நாடா சுத்தின இடம் அப்படியே இருக்கா?", "கட்டைவிரலை உயர்த்திக் காட்ட முடியுதா?" மதமதப்பு ஒன்பது நாளில் மறைந்தது.

எடை ஊன்றப் பழகியது

ஆறாம் வார எக்ஸ்ரேயில் எலும்பு சேரத் தொடங்கியிருந்தது. 20 கிலோ வரை ஊன்றலாம் என்று உத்தரவு. இதைப் பழக்க நமக்குத் தெரிந்த வழி எடை பார்க்கும் இயந்திரம்தான். வழக்கமாக, முள்ளைப் பார்த்தபடி 20 வரும் வரை அழுத்தச் சொல்வோம். இம்முறை வரிசையை மாற்றினோம். உதவியாளர் முதலில் முள்ளைப் பார்க்காமல் 20 கிலோ அளவுக்கு ஊன்றச் சொல்லும். "எவ்வளவு ஊன்றியிருப்பீங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கும். அவர் ஓர் எண் சொல்வார். பிறகுதான் குனிந்து பார்ப்பார், இரண்டு எண்களையும் சொல்வார்.

முதல் நாள் 20 என்று நினைத்து 31 ஊன்றினார். ஐந்தாம் நாளுக்குள் 18-க்கும் 24-க்கும் நடுவில் வந்துவிட்டது. பிள்ளைகளின் மதிப்பெண் பதிவதைப் போல ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நின்றபடி சரியாக ஊன்றுபவர் நடக்கும்போதும் சரியாக ஊன்றுவார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிரிவில் காலணிக்குள் அழுத்தம் உணரும் தகடு வைத்து நடக்கவிட்டபோது, அடிக்கு அடி மாறியது, திரும்பும் இடங்களில் வரம்பைத் தாண்டியது. அதனால் திரும்புவதை மட்டும் தனியாக, என் பக்கத்தில், பலமுறை பழகினோம். இதற்கு வீட்டில் எந்த மாற்றும் எங்களிடம் இல்லை.

ஒன்பதாம் வாரம் ஒற்றை ஊன்றுகோல். இங்கே கேமராவுக்கு உரிய நியாயத்தைச் சொல்ல வேண்டும். பலரையும் போல அவரும் கட்டையை அடிபட்ட பக்கத்துக் கையில் பிடித்தார். எதிர்க்கையில் பிடித்தால்தான் அடிபட்ட கால் முன்னே வரும்போது கட்டையும் கூடவே வந்து பாரத்தைப் பகிரும், உடம்பும் ஒரு பக்கம் சாயாது. உடம்பு வலப்பக்கம் சாய்வதைக் கேமரா முதல் நாளே பிடித்துச் சொன்னது. கண்ணுக்குத் தெரியும் தவறை அது நன்றாகவே பார்க்கிறது.

படிகள்

படியைப் பற்றி உதவியாளருக்கு நாங்கள் எந்த வேலையும் கொடுக்கவில்லை, அந்த ஒரு வரியையும் ஒரு நிபந்தனையையும் நினைவூட்டுவதைத் தவிர. படியில் முதல் பாடம் நேரில்தான், இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டுதான். ஏறும்போது துணைக்கு வருபவர் பின்னால், இறங்கும்போது முன்னால், இரண்டிலும் நோயாளிக்குக் கீழ்ப்படியில். மகனை வரவழைத்து அவருக்கும் இதைப் பழக்கினோம். ஒரு கை கைப்பிடியில், மறு கையில் கட்டைகள். நான்காம் வாரம் வரை மகன் இல்லாமல் படியைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையை உதவியாளர் தினமும் காலையில் ஒருமுறை சொன்னது. தனியாக இருந்த பகல்களில் அவர் படியில் இறங்கவே இல்லை.

பின்னுரை

ஒரு நோயாளியை வைத்து இந்த முறை நல்லது என்று சொல்லிவிட முடியாது. இவர் படித்தவர், கைப்பேசி பழகியவர், கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்பவர், மாலையில் துணைக்கு மகன் உண்டு. நினைவு மங்கியவருக்கும், காது கேளாதவருக்கும், கைப்பேசியை வீட்டில் நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் இடத்திலும் இதே அமைப்பு எப்படி இயங்கும் என்று இந்த நிகழ்வு எதையும் சொல்லாது. உதவியாளர் இல்லாமல் இவருக்கு நானே தினமும் இரண்டு நிமிடம் தொலைபேசியில் பேசியிருந்தால் இதே பயன் கிடைத்திருக்குமா என்றால், கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் பிரிவில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்த இரண்டு நிமிடம் என்னிடம் இல்லை. அது என்னை உறுத்துகிறது. கேள்வியைக் கேட்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம் என்று நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணமும் அதுதான். பதிலைப் படிக்கும் வேலையைக் கொடுக்கமாட்டேன். மாலைக் கேள்விகளின் பதில்கள் எங்களில் ஒருவருடைய கைப்பேசிக்கு வந்தாக வேண்டும், அவர் அன்றிரவே படித்தாக வேண்டும். யாரும் படிக்காத இடத்துக்குப் போகும் பதில், கேட்காமலே விட்டதைவிட மோசம், ஏனென்றால் நோயாளி தாம் சொல்லிவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

வீட்டுக்குள் எடுக்கும் காணொளி பற்றியும் ஒரு சொல். அவருடைய ஒரு பதிவில், பின்னால், உடை மாற்றிக்கொண்டிருந்த உறவினர் ஒருவர் தெரிந்தார். உடனே அழித்தோம். அதன் பிறகு சுவரை நோக்கி மட்டும் கேமரா வைப்பது, பார்த்து முடித்த பதிவை அன்றே அழிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

பன்னிரண்டாம் வாரம் ஊன்றுகோலைத் திருப்பிக் கொடுத்தார். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் போய்த் திரும்பி வந்து உட்காரும் சோதனையைத் தடுமாறாமல் செய்தார். கணுக்கால் மடங்குவதில் இன்னும் இறுக்கம் இருந்தது, அதற்கான பயிற்சி தொடர்ந்தது. பதினான்காம் வாரம் அந்தப் பயிற்சிக்காக வந்தபோது கேட்டார்: "அந்த ஏழு மணிக் கேள்வி இன்னும் வருதே டாக்டர், நாடா சுத்தின இடம் அப்படியே இருக்கானு. கட்டையே இல்லையே, என்ன சொல்றது?" இரண்டு வாரமாகத் தினமும் "இருக்கு" என்று பதில் சொல்லியிருக்கிறார். கேள்வியை எப்போது நிறுத்துவது என்று பாடத்தில் நாங்கள் எழுதவே இல்லை. அந்த இரண்டு வாரப் பதில்களைப் படித்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவும் இல்லை. இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முடிவுத் தேதி பதிகிறோம், எடை உத்தரவின் தேதிக்குப் பக்கத்திலேயே.